எட்டு மூலைக் கண்ணாடி

அந்த நாற்காலியில உக்காராதம்மா, அது வாசலுக்கு முதுகு காட்டுது. பின்னால யாரு வர்றா போறான்னு தெரியாம உக்காந்தா எப்படி நிம்மதி வரும்? இங்க வா, இந்த சோபா செட்டியில உக்காரு. செவுத்தோட ஒட்டிக் கிடக்கு பாரு. ஆங், அப்படி. இனிமே உனக்கே ஒரு தெம்பு வரும்.

பசியாறிட்டியா? கோப்பி கலக்கட்டா, மைலோவா? வேணாம்னு சொல்லாத, என் வீட்டுக்கு வந்தவங்க வெறும் வயித்தோட போனதில்ல. ரூமை அப்பறம் பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. முதல்ல உன் ஐசியைக் காட்டு, அடையாள அட்டையை. ஏன் முழிக்கிற? போலீஸ் வேலையெல்லாம் இல்ல. என் வீட்டுல யாரு படுத்தாலும் நான் வருஷம் பாத்துத்தான் படுக்க விடுவேன். கொண்டா. பொறந்த வருஷம்தான் நம்பர்ல முதல்ல நிக்கும். தொண்ணூத்தெட்டு. அய்யோ, சீனங்க வருஷக் கணக்குல தொண்ணூத்தெட்டு புலியாச்சே. பொறு பொறு, மூஞ்சியை ஏன் அப்படி வச்சுக்கிற. மாசம் என்ன? ஜனவரி ஒன்பது. அப்பன்னா பயமில்ல. சீனப் பெருநாளுக்கு, அதான் அவங்க புது வருஷத்துக்கு, முன்னால பொறந்தவங்க எல்லாம் பழைய வருஷத்துக் கணக்கு. அந்த வருஷம் பெருநாள் ஜனவரிக் கடைசியிலதான் வந்துச்சு. அதனால நீ மாடு. மாடுன்னா பொறுமை, அடக்கம். தாராளமா இரு.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னுதானே பாக்குற. பழைய டவுன்ல எங்க முதலாளி வோங் தவ்கே கடை இருக்குல்ல, ஊதுவத்தி, சாமி விளக்கு, எரிக்கிற காகிதப் பணம் எல்லாம் விக்கிற கடை? அங்க பதினேழு வயசுல வேலைக்குப் போனேன், இன்னைக்கு வரைக்கும் அங்கதான். என்னை ஆ ராணின்னு கூப்பிடுவாங்க. என் பேரு புஷ்பராணி. சீனத்திங்களே என்கிட்ட வந்து, ஆ ராணி, என் வீட்டுப் படிக்கட்டு வாசலைப் பாத்து இறங்குது, என்ன பண்ணலாம்னு கான்டனீஸ்ல கேப்பாளுங்க. நான் சொல்லுவேன். தவ்கே வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்பாரு. சிரிக்கட்டுமே, நான் சொன்னதைச் செஞ்சவ எவளும் திரும்ப வந்து சண்டை போட்டதில்ல.

உண்மையைச் சொல்லிடுறேன். இந்த ரூமை உனக்கு முன்னால மூணு பேரு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். நீ போன்ல, கோயில் பக்கத்துத் தடிகாவுல சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சரா இருக்கேன்க்கான்னு சொன்ன பாரு, அப்பதான் வான்னேன். உன் வகுப்புல லிஷாந்தினின்னு ஒரு பிள்ளை இருக்கால்ல? ரெட்டைச் சடை, இடது கன்னத்துல குழி விழும். அவ என் தம்பி மகள். நான் அவளுக்குச் சொந்த அத்தை. எனக்கு ஒரே ஒரு ஆசைதாம்மா. அந்தப் பிள்ளை இந்த வீட்டுக்கு வரணும். அத்தைன்னு கூப்பிட்டு என் மடியில ஏறி உக்காரணும். இது பெரிய ஆசையா, சொல்லு.

நான் கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்க எங்க நேரம்? அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிள்ல போயி ஒரே லோரியில அடிபட்டுப் போனாங்க. மாறனுக்கு அப்ப ஏழு வயசு. சுகுமாறன்னு பேரு, மாறன்னுதான் கூப்பிடுவேன். அவனுக்குச் சோறு ஊட்டி, காலணி போட்டு, ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டு நான் கடைக்கு ஓடுவேன். என்னைக் கேக்க ரெண்டு மாப்பிள்ளை வந்தாங்க. தம்பியும் கூட வருவான்னேன், போயிட்டாங்க. போகட்டும். இந்த வீடு நான் வாங்கினது, அவன் படிச்ச படிப்பு நான் படிக்க வச்சது. இதைச் சொல்லிக் காட்டுறேன்னு நினைக்காத, நடந்ததைச் சொல்றேன்.

அவனும் எனக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. மாடு வருஷம், எண்பத்தஞ்சு. யோகேஸ்வரியைப் பிடிச்சிருக்குன்னு வந்து நின்னப்ப நான் முதல்ல கேட்டது அவ ஐசி. தொண்ணூத்திரண்டு ஆகஸ்ட், குரங்கு. குரங்கும் மாடும் சுமார்தான், ஆனா மோதல் இல்ல. சரின்னேன். பாரு, நான் ஒன்னும் வேணும்னே தடுக்கிறவ இல்ல.

நான் செஞ்ச தப்பு, பொண்ணைப் பாத்தேன், பொண்ணோட அம்மாவைப் பாக்கல. கல்யாணம் பதியப் போன அன்னைக்கு எல்லார் ஐசியையும் நான்தான் வாங்கி வச்சிருந்தேன். அவ அம்மா ராசம்மாவோடது அறுபத்திரண்டுல ஆரம்பிச்சுச்சு. அறுபத்திரண்டு புலி. புலி வருஷத்துக்காரங்க கல்யாண ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது, கட்டில் பக்கம் போகவே கூடாது. சீனங்க வீட்டுல புலி அத்தைங்களை அன்னைக்கு வீட்டுலயே விட்டுட்டு வருவாங்க, தெரியுமா?

அந்தம்மா சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல ரப்பர் பால்மரம் வெட்டினவ. புருஷன் இல்ல, இருக்கிறது இந்த ஒரே மகள்தான். கட்டில்ல விரிக்க ஒரு மெத்தை விரிப்பு கொண்டாந்திருந்தா. துண்டு துண்டாத் துணி வச்சு அவளே தைச்சதாம், மகளுக்குப் பத்து வயசு ஆனப்ப ஆரம்பிச்சதாம். நானே விரிச்சு விடுறேன் சம்பந்தின்னு ரூம் வாசப்படி வரைக்கும் வந்துட்டா. நான் குறுக்க நின்னு, குடுங்க நான் விரிக்கிறேன், நீங்க போயி பந்தியைப் பாருங்கன்னு வாங்கிக்கிட்டேன். பாரு, எவ்வளவு மரியாதையாச் சொல்லியிருக்கேன். அவ பின்பக்கம் போயி சமையல்காரங்களோட அண்டாவைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. விரிப்பை நான் ஸ்டோர்ல வச்சிட்டேன். புலி கை பட்டது கட்டிலுக்கு ஆகுமா?

அப்பறம் யோகேஸ் உண்டானா. உண்டான வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது, சுவத்துல ஓட்டை போடக் கூடாது, கட்டிலை நகத்தக் கூடாது. கருவுக்குக் காவலா ஒரு சாமி அந்த ரூமுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், அதும்மேல ஆணி இறங்கிடும். இது எனக்குத் தலைகீழாப் பாடம். அவ நேரம், அந்த ரூம் கூரையில சுத்துற காத்தாடி கெட்டுப்போச்சு. மாட்ட ஆள் வந்தான், வாசலோட அனுப்பிட்டேன். சூடா இருக்கும்தான், இல்லேன்னு சொல்லல. ராத்திரியில கூடத்துல வந்து சிமெண்டுத் தரையில படுத்துக்குவா. நான் எழுப்பி ரூமுக்கு அனுப்புவேன், ஏன்னா கூடத்துல கால் வாசலைப் பாத்து நீட்டினா பொணம் கிடக்கிற மாதிரி. மாறன் ஒரு அட்டையை வச்சு விசிறிக்கிட்டு இருப்பான். அவ முனகினது இல்ல, அதை நான் சொல்லணும்.

பிள்ளை பொறந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட இருந்து முதல்ல கையில வாங்கினது நான். மாறனே எனக்கப்பறம்தான் வாங்கினான். ரெண்டாயிரத்துப் பதினெட்டு, நாய் வருஷம். நான் எழுபத்தஞ்சு, முயல். முயலும் நாயும் உயிருக்குயிரான ஜோடி, தவ்கே கடையில மாட்டியிருக்கிற படத்துலயே போட்டிருக்கும். நான் அந்தப் பிள்ளை காதுல சொன்னேன், நீ எனக்குத்தாண்டி பொறந்திருக்கன்னு. அது கொட்டாவி விட்டுச்சு. சிரிக்காத, நான் அன்னைக்கு அழுதுட்டேன்.

வீட்டுக்குக் கூட்டியாந்த மறுநாள் காலையில ராசம்மா கேட்டு முன்னால நிக்கிறா. பஸ்ல வந்திருக்கா. ஒரு கையில பத்தியச் சாமான் மூட்டை, பூண்டு, காய மருந்து, இன்னொரு கையில கால் கட்டின நாட்டுக்கோழி. நான் கேட்டைத் திறக்கல. புலி பச்சைப் பிள்ளையைப் பாக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது, நூறு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னேன். அவளுக்கு முதல்ல புரியவே இல்ல. நான் புலியா சம்பந்தின்னு கேக்குறா. ஆமா, உங்க ஐசியில இருக்குன்னேன். அவ பையில இருந்து ஐசியை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தா. படிக்கத் தெரியாது, பாவம்.

மாறனைக் கூப்பிட்டுக் கேட்டா. தம்பி, ஒரு தடவை முகத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்னு. அவன் என்னைப் பாத்தான். அக்கா சொன்னாச் சரியா இருக்கும் அத்தை, நூறு நாள்தானேன்னான். எனக்கு வயிறு குளுந்துச்சு. வளத்த வளப்பு வீண் போகல. மூட்டையை மட்டும் கேட்டுக்கு மேல வாங்கிக்கிட்டோம். கோழியை வேணாம்னுட்டேன், நாய் வருஷத்துப் பிள்ளைக்குக் கோழி சரிவராது.

அதோட விட்டாளா? இந்த வீட்டுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு, சாக்கடை ஓடும். நீ பாக்கப் போற ரூமோட ஜன்னல் அந்தச் சந்துப் பக்கம்தான். அதுதான் யோகேஸ் ரூம். வாரா வாரம் பஸ் ஏறி வந்து அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னுருக்கா. உள்ள பிள்ளை அழுகுற சத்தத்தைக் கேக்குறதுக்கு. நான் கடையில இருக்கிற நேரமாப் பாத்து வர்றது. சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஊய் அம்மாதான் சொன்னா, ஆ ராணி, உன் வீட்டுப் பின்னால ஒரு இந்தியப் பொம்பளை நின்னு தனியாச் சிரிக்கிறான்னு.

பிள்ளை சத்தம் கேட்டுச் சிரிக்கிறாளாம். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு. இவ்வளவு பாத்துப் பாத்துக் காப்பாத்துறேன், பின்வாசல் வழியா வருதே புலி. தவ்கே கடையிலயே பெருசாப் பாத்து ஒரு எட்டு மூலைக் கண்ணாடி வாங்கியாந்து ஜன்னலுக்கு வெளிய, ஆள் உயரத்துக்கு மாட்டினேன். கெட்டது எது வந்து நின்னாலும் அது மூஞ்சியை அதுக்கே காட்டித் திருப்பி அனுப்பிடும். அன்னைக்குக் கடைக்கு லீவு போட்டுட்டு ஊய் வீட்டு மாடியில இருந்து பாத்தேன். ராசம்மா வந்தா. கண்ணாடியைப் பாத்தா. பாத்துட்டு என்ன பண்ணினா தெரியுமா? தலைமயிரை ஒதுக்கி விட்டுக்கிட்டா. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. அழகுக்கு மாட்டியிருக்குன்னு நினைச்சிருக்கா. நானும் ஊய் அம்மாவும் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

சிரிச்சு முடிக்கல, ஜன்னல் திறக்குது. யோகேஸ் பிள்ளையைத் துணியில சுத்தித் தூக்கிக் கம்பிகிட்ட காட்டுறா. ராசம்மா கம்பிக்குள்ள விரலை விடுறா. நான் மாடியில இருந்து இறங்கி ஓடியாந்து, வீட்டுக்குள்ள போயி, ஜன்னலைச் சாத்தினேன். விரலு நசுங்கிச்சான்னு தெரியாது, சத்தம் வரல. அன்னைக்கே ஜன்னலுக்கு ஆணி அடிச்சேன். பிள்ளைதான் பொறந்தாச்சே, இனி ஆணி அடிக்கலாம். அன்னைக்கு ராத்திரியே பிள்ளைக்குச் சளி பிடிச்சுச்சு. பாத்தியா, ஒரு கண்ணு பட்டதுக்கே. யோகேஸ்கிட்ட சொன்னேன், உங்கம்மா ஆசைக்கு உன் பிள்ளையைக் காவு குடுக்காதடின்னு. அவ பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தலையை மட்டும் ஆட்டினா.

மறுவாரம் ராசம்மா வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. நான் கண்ணாடி வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன். காய்ச்சல்ல கிடந்திருக்கா. டெங்கியாம். எஸ்டேட் லயத்துல தனியாக் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. நூறு நாள் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. அதுக்குள்ள அவசரம்.

சாவுக்கு நானும் போனேன். போகாம இருப்பேனா? பிள்ளையை ஊய் அம்மாகிட்ட விட்டுட்டு எல்லாரும் போனோம். யோகேஸ் அழவே இல்லம்மா. அம்மா வலது கையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு விரலா தடவித் தடவிப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. வாய்க்கரிசி போட்டாச்சு. பெட்டி மூடப் போற நேரம். அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. புலியும் குரங்கும் நேருக்கு நேர் மோதல். மோதல் வருஷத்துக்காரங்க பெட்டி மூடுறதைக் கண்ணால பாக்கக் கூடாது. சீனன் சாவுல பூசாரியே சத்தமாச் சொல்லுவாரு, இன்ன இன்ன வருஷக்காரங்க எல்லாம் திரும்பி நில்லுங்கன்னு. இங்க இருக்கிற பண்டாரத்துக்கு என்ன தெரியும்? நான்தான் எந்திரிச்சேன். யோகேஸ், நீ திரும்பி நில்லுன்னேன்.

கூட்டத்துல ஒரு பெருசு, பெத்த மகளை ஏம்மா திரும்பச் சொல்றன்னு எகிறினான். நான் அவனைக் கண்டுக்கல. யோகேஸ்கிட்ட குனிஞ்சு காதுல சொன்னேன், நீ பாத்தா உன் பிள்ளை தலையில விழும், உன் இஷ்டம்னு. அவ கையை விட்டா. எந்திரிச்சா. செவுத்தைப் பாத்துத் திரும்பி நின்னா. பெட்டி மூடுற சத்தம் கேட்டு அவ முதுகு ஒரு தடவை தூக்கிப் போட்டுச்சு. மூடிட்டாங்களான்னு கேட்டா. நான்தான் பக்கத்துல நின்னு, மூடியாச்சு, இனித் திரும்பலாம்னு சொன்னேன். அவ திரும்பல. பெட்டியை வண்டியில ஏத்தி, வண்டி போயி, சத்தம் அடங்குற வரைக்கும் அந்தச் செவுத்தையே பாத்துக்கிட்டு நின்னா. நான் ஒரு நல்லதைத்தான் செஞ்சேன், அந்தப் பிள்ளைக்காக.

இரு, கோப்பி ஆறுது, குடி. ரொட்டி எடுத்துக்க.

அதுக்கப்பறம் யோகேஸ் சமைப்பா, பிள்ளையைக் குளிப்பாட்டுவா, ரூமுக்குள்ள போயிடுவா. என் கையில பிள்ளையைத் தரும்போது என் மூஞ்சியைப் பாக்க மாட்டா. செத்தவ இந்த வீட்டைச் சுத்துறா, அதான் இப்படின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மாறனைக் கூட்டிக்கிட்டு தவ்கேகிட்ட போனேன். பெரிய மனுஷன் வாயால கேக்கட்டும், பொண்டாட்டியை அடக்கி வைக்கட்டும்னு.

தவ்கே ஒரு மஞ்சக் காகிதத்தை எடுத்தாரு. செத்தவ பொறந்த தேதி சொல்லுன்னாரு. எனக்கு ஐசி நம்பரே மனப்பாடம். அறுபத்திரண்டு, ஜனவரி இருபதுன்னேன். அவரு அந்தச் சிவப்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டினாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு. ஆ ராணி, அந்த வருஷம் பெருநாள் பிப்ரவரியிலதான் வந்துச்சு, இவங்க புலி இல்லையே, மாடுன்னாரு. நான், தவ்கே, நல்லாப் பாருங்கன்னேன். நல்லாத்தான் பாக்குறேன், மாடுன்னாரு. உன் தம்பி மாதிரின்னாரு.

மாறன் அது வரைக்கும் போனை நோண்டிக்கிட்டு இருந்தான். போனைப் பைக்குள்ள வச்சான். அக்கா பொறந்தது எழுபத்தஞ்சு ஜனவரி, அதையும் பாருங்கன்னான். யாருடா உன்னைக் கேட்டான்னு சொல்றதுக்குள்ள கேட்டுட்டான். தவ்கே புரட்டினாரு. என்னைப் பாத்தாரு. சிரிச்சாரு, பழக்கதோஷம். ஆ ராணி, இத்தனை வருஷம் முயல்னு சொல்லிக்கிட்டு இருந்தியே, நீதானே புலின்னாரு.

மாறன் இன்னொன்னும் கேட்டான். பெட்டி மூடும்போது பெத்த மகள் திரும்பணுமான்னு. தவ்கே தலையை ஆட்டினாரு. சொந்தப் பிள்ளைக்கு என்ன மோதல், அது வெளியாளுக்கு, மகளை யாராவது திரும்பச் சொல்வாங்களான்னாரு.

எனக்கு வந்த கோபம் இருக்கே. கிழவனுக்கு எண்பது தாண்டிடுச்சு, புத்தி கலங்கிப்போச்சு. அந்தப் பெருநாள் கணக்கெல்லாம் சீனனுக்கு. நாம என்ன சீனனா? நமக்கு ஐசி. கவர்மெண்டு அடிச்சுக் குடுத்த நம்பர், அதுல எழுபத்தஞ்சுன்னு இருக்கு, எழுபத்தஞ்சுன்னா முயல். கவர்மெண்டு பொய் சொல்லுமா? நான் இதையெல்லாம் காடியில வர்ற வழி பூரா மாறன்கிட்ட விளக்கிச் சொன்னேன். அவன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு ரோட்டையே பாத்து ஓட்டினான். வீட்டுக்கு வந்தான், ஸ்டோரைத் திறந்தான், அந்த மெத்தை விரிப்பைத் தேடி எடுத்தான். அதைத் தோள்ல போட்டுக்கிட்டு பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். வேற ஒரு சாமானும் எடுக்கல. ஏழு வயசுல இருந்து சோறு போட்டவ கூடத்துல நிக்கிறேன், போயிட்டு வரேன்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லல.

உன் தடிகாவுக்கு எதிர்ல இருக்கிற அடுக்குமாடி வீட்டுல, மூணாவது மாடியிலதான் இருக்காங்க. நான் முதல்ல போனப்ப பிள்ளைக்கு வளையல் வாங்கிட்டுப் போனேன். யோகேஸ் கிரில்லைத் திறக்கல. புலி பச்சைப் பிள்ளையைப் பாக்கக் கூடாதுக்கா, நூறு நாள் கழிச்சு வாங்கன்னா. மரியாதையாத்தான் சொன்னா. நான் சண்டை போடல. நம்ம சொல்லிக் குடுத்ததுதானே, மதிக்கிறாளேன்னு வந்துட்டேன். நூறு நாள் கழிச்சுப் போனேன். பிள்ளை இன்னும் பச்சையாத்தான் இருக்குக்கான்னா. அதுக்கப்பறம் ஒரு தடவை போனா, வாசலுக்கு மேல எட்டு மூலைக் கண்ணாடி தொங்குது. பாத்தியா, என்கிட்ட கத்துக்கிட்டது எதையும் அவ மறக்கல. ஆனா கொஞ்சம் தாழத்தான் மாட்டியிருக்கா, என் மூஞ்சி முழுசாத் தெரிஞ்சுச்சு. வெயில்ல நடந்து வந்தது, கறுத்துப்போயி கிடந்தேன். தலைமயிரை ஒதுக்கி விட்டுக்கிட்டேன். பெல் அடிச்சேன். உள்ள பிள்ளை பேசுற சத்தம் கேட்டுச்சு, கதவு திறக்கல. சத்தமாவது கேட்டுச்சேன்னு கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

இப்ப லிஷா தடிகாவுக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து எனக்குத் தோதாப்போச்சு. கடைக்குப் போற வழியில, மத்தியானம் வெளிய விளையாட விடுறீங்கல்ல, அப்ப வேலிக்கு வெளிய, சாக்கடைப் பக்கமா நின்னு பாப்பேன். நீ என்னைப் பாத்திருப்ப. பாத்ததில்லையா? குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தி நிப்பாளே. ஒரு நாள் உன்கூட இருக்கிற அந்த இன்னொரு டீச்சர் வந்து, யாரும்மா நீங்க, எதுக்கு இங்க நின்னு தனியாச் சிரிக்கிறீங்கன்னு கேட்டுச்சு. சொந்த அத்தைம்மா, சும்மா பாத்துட்டுப் போறேன்னேன்.

லிஷா என்னைப் பாத்தா ஒன்னு பண்ணுவா. ஊஞ்சல்ல இருந்தாலும் சரி, மணல்ல விளையாடிக்கிட்டு இருந்தாலும் சரி, என்னைக் கண்ட உடனே எந்திரிச்சுத் திரும்பி நிப்பா. செவுத்தைப் பாத்து. அசையவே மாட்டா. கூட விளையாடுற பிள்ளைங்க கூப்பிட்டாலும் அசைய மாட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, அந்தப் பிஞ்சுக் குரல்ல, போயிட்டாங்களான்னு கேப்பா. பக்கத்துல இருக்கிறது, இன்னும் போகலன்னு சொல்லும். கண்ணாமூச்சி விளையாடுறாம்மா என்கூட. வேற என்ன? அஞ்சு வயசுப் பிள்ளைக்கு வேற என்ன தெரியும்? யாரும் சொல்லிக் குடுத்தெல்லாம் இருக்காது. நானும் விளையாட்டுக்கு, அத்தை போயிட்டேன், அத்தை போயிட்டேன்னு சொல்லிட்டு வேலியோரம் குனிஞ்சு ஒளிஞ்சுக்குவேன். அவ திரும்ப மாட்டா. மணி அடிச்சு எல்லாரும் உள்ள போற வரைக்கும் செவுத்தைப் பாத்துக்கிட்டே நின்னுட்டு, முதுகைக் காட்டிக்கிட்டே செவுத்தோரமா நடந்து உள்ள போயிடுவா.

ஏன் எந்திரிச்சிட்ட? ரூமை இன்னும் பாக்கலையே. காத்தாடி புதுசு மாட்டியிருக்கேன், நல்லாச் சுத்தும். ஜன்னல் மட்டும் திறக்க வராது, அதை வேணும்னா ஆணியைப் பிடுங்கித் தரேன். கண்ணாடியையும் கழட்டிடுறேன். உனக்கு எது வேணுமோ சொல்லு, செஞ்சு தரேன். நீ மாடு, உன்னால இந்த வீட்டுக்கு ஆகும்னு எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சுச்சு.

பையை வை கீழ. ஒன்னே ஒன்னு கேக்குறேன், கேட்டுட்டுப் போ. டீச்சர் சொன்னா பிள்ளைங்க கேக்கும். நாளைக்கு மத்தியானம் நான் வேலிகிட்ட வருவேன். பக்கத்துல போயி அவ தோள்ல கையை வச்சு, லிஷா, அந்தப் பக்கம் திரும்புன்னு சொல்லு. ஒரு தடவை போதும். எப்படி இருக்கான்னு நான் இன்னும் முழுசாப் பாக்கல. கன்னத்துல குழி விழும்னு கூட ஊய் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.